கோணிச் சேர்ந்த எலும்பு, நழுவும் நரம்பு

என் வலது முழங்கையை முழுவதுமாக மடக்கும்போது, சில ஆண்டுகளாகவே இரண்டு சொடக்குகள் விழுந்துகொண்டிருந்தன. முதலாவது, கை ஏறத்தாழச் செங்கோணத்துக்கு வரும்போது. இரண்டாவது, அதையும் தாண்டி விரல்கள் தோளைத் தொடப்போகும் நேரத்தில். முதல் சொடக்கின்போது சுண்டுவிரல்வரை ஷாக் அடித்ததுபோல் ஓர் அதிர்வு ஓடும். இரண்டாவதில் அதிர்வு கிடையாது. ஆனால் இடது கையை வைத்துப் பார்த்தால், தோலுக்கடியில் தடிமனான ஏதோ ஒன்று முழங்கையின் உட்புறப் புடைப்பைத் தாண்டிச் சரிந்து விழுவது தெளிவாகத் தெரியும். இந்த இரண்டு சொடக்குகளும் வெவ்வேறு பொருள்களால் உண்டானவை என்பதும், இரண்டுக்கும் காரணம் ஆறு வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த ஓர் எலும்பு என்பதும் நாற்பதைக் கடந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்த முறிவிலிருந்தே சொல்லத் தொடங்க வேண்டும். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மதில் சுவரிலிருந்து கையை ஊன்றி விழுந்தேன். அப்படி விழும் குழந்தைகளுக்கு வழக்கமாக முறியும் இடத்திலேயே எனக்கும் முறிந்தது. மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகி மிகவும் மெலிந்துவிடுகிறது. ஐந்து முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு முழங்கையருகே ஏற்படும் முறிவுகளில் பெரும்பாலானவை அந்த மெலிந்த பகுதியில்தான் நேர்கின்றன. ஆயா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டுப்போடும் வைத்தியர் ஒருவரிடம் ஓடினார். பச்சிலை விழுதும் முட்டையின் வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றினார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. கட்டைப் பிரித்தபோது வலி இல்லை. கையை நீட்டவும் மடக்கவும் முடிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று அனைவரும் மகிழ்ந்தார்கள். எலும்பு சேரத்தான் செய்தது, ஆனால் உள்நோக்கிச் சாய்ந்து, சற்றே திருகிக்கொண்டு சேர்ந்தது.

சென்னையில் புத்தூர் கட்டு என்ற பலகை கண்ணில் படாத பகுதி குறைவு. அந்த முறையை ஒட்டுமொத்தமாகக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. விலகாத முறிவு எந்தக் கட்டிலும் சேரும், ஏனெனில் சேர்வது எலும்பின் இயல்பு. கட்டின் வேலை அதை அசையாமல் வைத்திருப்பது மட்டுமே. ஆனால் முழங்கைக்கு மேலான இந்த முறிவு அந்த வகையைச் சேர்ந்ததன்று. வீங்கிப்போன ஒரு குழந்தையின் முழங்கையில், உள்ளே எலும்புத் துண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை எவ்வளவு தேர்ந்த விரலாலும் தடவிக் கண்டறிய முடியாது. அதனால்தான் இன்று விலகிய முறிவு என்றால் மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே எலும்பை நேர்செய்து, தோலின் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிறுத்துகிறார்கள். சில வாரங்களில் அவற்றை உருவிவிடுகிறார்கள். வீக்கம் இறங்குமுன் இறுக்கிக் கட்டுவதில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு: முன்கைத் தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு, அவை இறந்து சுருங்கிக் கை நிரந்தரமாக முடங்கலாம். 1881 ஆம் ஆண்டிலேயே ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். எனக்கு அது நேரவில்லை என்பதில் நான் ஆயாவின் குலதெய்வத்துக்குக் கடன்பட்டிருக்கலாம். மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கும் கட்டுக்குள்ளேயே எலும்பு நழுவிக் கோணலாகச் சேர்வதுண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகளின் எலும்பு வளர வளரத் தானாகவே நேராகிவிடும் என்று அப்போது பலரும் அம்மாவுக்கு ஆறுதல் கூறினார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மூட்டு அசையும் திசையில், அதாவது முன்பின்னாக ஏற்படும் வளைவுகளை, வளரும் எலும்பு ஓரளவு சரிசெய்துகொள்ளும். பக்கவாட்டுச் சாய்வையும் திருகலையும் அது சரிசெய்வதில்லை. மேலும், மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் 80 விழுக்காடு தோள் பக்கத்திலுள்ள வளர்தட்டில் நடைபெறுகிறது. முழங்கைப் பக்கத்துத் தட்டின் பங்கு 20 விழுக்காடு மட்டுமே. முறிவுக்கு அருகிலிருந்த தட்டுக்குத் திருத்தும் வலு குறைவு என்பதால், ஆறு வயதில் இருந்த சாய்வு அப்படியே என்னுடன் வளர்ந்தது.

உள்ளங்கையை முன்பக்கம் காட்டிக் கையைத் தொங்கவிட்டால், இயல்பான முழங்கையில் முன்கை உடலைவிட்டுச் சற்று வெளிப்பக்கமாக, 5 முதல் 15 பாகை வரை விலகி நிற்கும். என் வலது முன்கை மாறாக உள்பக்கம் சாய்ந்து நின்றது. மருத்துவ நூல்கள் இதைத் துப்பாக்கிக் கட்டை உருக்குலைவு என்கின்றன. மாமா பிள்ளைகள் கோணக்கை என்றார்கள். வலி இல்லை, வலு குறையவில்லை, கிரிக்கெட்டில் பந்தும் வீச முடிந்தது. ஆகவே அது தோற்றம் சார்ந்த ஒரு குறையாக மட்டுமே எங்கள் குடும்பத்தில் கருதப்பட்டது. பெண் பார்க்கப் போன நாளில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுமாறு அம்மா சொன்னதைத் தவிர, அந்தக் கையைப் பற்றி வேறு பேச்சு எழுந்ததாக நினைவில்லை. மருத்துவர்களில் பலரும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்: உள்நோக்கிய சாய்வு பார்வைக்கு நன்றாக இராது, ஆனால் கெடுதல் செய்யாது என்று. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு என் கை ஒரு சான்று.

கெடுதல் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முழங்கையின் உட்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்க்கலாம். அங்கே எலும்புப் புடைப்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதற்குப் பின்னாலுள்ள பள்ளத்தின் வழியாகத்தான், கழுத்திலிருந்து புறப்பட்டு வரும் அல்னார் நரம்பு முன்கைக்குள் இறங்குகிறது. கதவு நிலையில் முழங்கை இடித்துக்கொண்டால் விரல்வரை ஷாக் அடிப்பது இந்த நரம்பு நசுங்குவதால்தான். அந்த இடத்தில் அதற்குத் தசைப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒருபுறம் எலும்பும் மறுபுறம் தோலும் ஒரு மெல்லிய நார்ப்பட்டையும் மட்டுமே உள்ளன. கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நார்ப்பட்டை இறுகுகிறது, நரம்பு செல்லும் வழி குறுகுகிறது, நரம்பும் புடைப்பைச் சுற்றி இழுபட்டு நீள வேண்டியிருக்கிறது. நேராக உள்ள முழங்கையிலேயே இவ்வளவு நெருக்கடி என்றால், கோணிய முழங்கையில் கேட்க வேண்டியதில்லை.

மேற்கையின் பின்புறத்திலுள்ள முத்தலைத் தசை, தோளிலிருந்து முழங்கையின் நுனிவரை நேர்க்கோட்டில் இழுக்க முயலும். எலும்பு உள்நோக்கிச் சாய்ந்துவிட்டால் அந்த இழுவைக் கோடு உட்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அப்போது தசையின் உட்புறத் தலை, பள்ளத்தில் கிடக்கும் நரம்பை ஓரத்துக்கு நெட்டித் தள்ளுகிறது. மடக்கும்போது முதலில் நரம்பு புடைப்பின் விளிம்பைத் தாண்டி முன்னே குதிக்கிறது. இது ஏறத்தாழ 90 பாகையில். இன்னும் மடக்கினால், சுமார் 110 பாகையைத் தாண்டியதும், தசையின் விளிம்பும் அதே புடைப்பைத் தாண்டி விழுகிறது. நீட்டும்போது இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. ராட்டினம் இல்லாத கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உரசி உரசிக் கயிறு நாரெழும்புவதைப் போல, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அந்த விளிம்பைக் கடக்கும் நரம்பு மெல்ல வீங்கித் தடிக்கிறது.

நரம்பு நழுவுவதே நோய் என்று இதைப் படிப்பவர் யாரும் அஞ்ச வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களைச் சோதித்தபோதே ஏறக்குறைய 16 விழுக்காட்டினரின் முழங்கையில் நரம்பு இப்படி நகர்வதாகத் தெரிந்திருக்கிறது. சொடக்கு விழுவதால் மட்டும் யாருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. சொடக்குடன் விரல் மரத்துப்போவதும், கையின் வலு குறைவதும் சேர்ந்தால்தான் கணக்கு மாறுகிறது.

முறிவுக்கும் நரம்புக் கேட்டுக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழியலாம் என்பதே இந்தத் தொல்லையின் விந்தை. 1878 ஆம் ஆண்டில் பாரிஸில் பணியாற்றிய பனாஸ் என்ற மருத்துவர் இந்தத் தாமத வாதத்தை, அதாவது காலந்தாழ்த்தி வரும் நரம்புச் செயலிழப்பை, முதன்முதலாக விவரித்தார். அவர் வரலாற்றில் அறியப்படுவது கண் மருத்துவராக என்பது வேறு செய்தி. நரம்பைப் பின்னர் பாதிக்கும் குழந்தைப்பருவ முறிவுகளில் பெயர்பெற்றது இன்னொன்று: முழங்கையின் வெளிப்புற எலும்பு முனை முறிந்து, சேராமலேயே போய்விடுவது. மூட்டு நீரில் நனைந்துகொண்டும் முன்கைத் தசைகளால் இழுபட்டுக்கொண்டும் இருப்பதால் அந்தத் துண்டு எளிதில் ஒட்டுவதில்லை. முன்கை ஆண்டுக்காண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய், உட்புறத்து நரம்பை இழுத்து நீட்டிவிடுகிறது. எனக்கு நேர்ந்தது அதற்கு எதிர்த்திசைச் சாய்வு. அங்கே இழுவை, இங்கே தள்ளலும் உரசலும், முடிவு ஒன்றுதான்.

எனக்குத் தொடக்கம் இரவில் வந்தது. கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்கும் பழக்கம் உண்டு. விடியற்காலையில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் மரத்துப்போய் விழித்துக்கொள்வேன். கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு பகலிலும் வரத் தொடங்கியது. நான் ராயப்பேட்டையில் உள்ள ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, தாளைக் கண்ணருகே பிடித்து, மணிக்கணக்காகப் படிப்பதுதான் தொழில். அந்த நரம்புக்கு இதைவிடக் கொடிய இருக்கை நிலையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெரம்பூரிலிருந்து 29சி பேருந்தில் ஜன்னல் கம்பிக்குக் கீழே முழங்கையைச் சாய்த்து வருவதும், காதில் கைப்பேசியை வைத்துப் பேசுவதும் மீதி வேலையைச் செய்தன.

மரத்துப்போவதைவிட, வலு குறைவது வஞ்சகமாக வந்தது. அதற்கு வலி கிடையாது. கையின் நுண்ணிய வேலைகளுக்கான சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது இந்த ஒரு நரம்புதான். விரல்களை ஒன்றோடொன்று சேர்ப்பது, விரிப்பது, கட்டைவிரலைச் சுட்டுவிரலின் பக்கவாட்டில் அழுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. சாவியைத் திருகும்போது கட்டைவிரல் வழுக்கியது. ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கப் பல்லின் உதவி தேவைப்பட்டது. கால்சட்டைப் பைக்குள் கையை நுழைத்தால் சுண்டுவிரல் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது சாப்பாடு. சாம்பார் சாதத்தைப் பிசைந்து கவளமாகத் திரட்ட விரல்கள் நெருங்கி ஒன்றுசேர வேண்டும். என் விரல்கள் சேரவில்லை, இடுக்குகளின் வழியே சோறு இலையில் விழுந்தது. ரசம் சாதத்தைக் கேட்கவே வேண்டாம். திருமணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பார்க்கிறாரோ என்று கூச்சப்பட்டு, வீட்டுக்கு வந்து ஸ்பூனில் சாப்பிடத் தொடங்கினேன். மனைவிதான் முதலில் கவனித்தாள், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கையில் மேடாக இருக்க வேண்டிய சதை குழிந்துவிட்டிருப்பதை.

முதலில் பார்த்த கிளினிக்கில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லி, பட்டை ஒன்றும் பி12 மாத்திரையும் கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியாமல் போவது அரிது. அது விரல் மரத்துப்போவதற்குக் காரணமாக இருக்கத் தேவையில்லை. இடத்தைக் கண்டறிய ஓர் எளிய வழி இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். மரத்துப்போகும் எல்லையைக் கவனமாகத் தடவிப் பார்க்க வேண்டும். கழுத்தில் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் முன்கையின் உட்பக்கமும் மரத்துப்போகக்கூடும். முழங்கையில் கோளாறு என்றால் உணர்வுக்குறை பெரும்பாலும் மணிக்கட்டோடு நின்றுவிடும், ஏனெனில் முன்கையின் உட்பக்கத் தோலுக்கு உணர்வு தருவது வேறொரு நரம்பு. அதேபோல, கோளாறு மணிக்கட்டில் இருந்தால் புறங்கையின் சுண்டுவிரல் பக்கம் உணர்வோடு இருக்கும், அந்தப் பகுதிக்கான கிளை மணிக்கட்டுக்குச் சில அங்குலம் மேலேயே பிரிந்துவிடுவதால். எனக்குப் புறங்கையும் மரத்திருந்தது, முன்கை நன்றாக இருந்தது. இந்த இரண்டு செய்திகளே விரலை முழங்கையை நோக்கி நீட்டின. இவற்றை அறியக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு பஞ்சுத் துண்டு போதும்.

கை அறுவையில் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் போகுமாறு அச்சகத்து நண்பர் வற்புறுத்தினார். சென்னையில் அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது. நான் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. அவர் எக்ஸ்ரே எதையும் கேட்குமுன் என் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சாப்பாடு எப்படிப் பிசையுறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இரண்டு கைகளிலும் பிடிக்கச் சொல்லி இழுத்தார். இடது கட்டைவிரல் நேராக நின்று தாளைப் பிடித்தது. வலது கட்டைவிரலோ நுனிக் கணுவில் மடங்கிக்கொண்டு, வேறொரு நரம்பு இயக்கும் தசையின் துணையால் சமாளித்தது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1915 இல், ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்தித்தாளை வைத்துக் கண்டறிந்த சோதனை இது. அச்சகத் தாளோடே வாழ்பவனுக்கு நோய் தாளைக்கொண்டே வெளிப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. நடுவிரலைச் சுட்டுவிரலின்மேல் பின்னச் சொன்னார்; முடியவில்லை. புடைப்பின் பின்னே விரலால் தட்டினார். சுண்டுவிரலில் ஷாக் அடித்தது.

அடுத்து அவர் செய்தது எனக்கு முதலில் விளங்கவில்லை. முழங்கைக்கு மேலே நரம்பை விரல்களால் உருட்டி அதன் தடிமனைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகிலும் கைகளிலும் உணர்வற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா என்று தேடினார். காதோரத்தையும் கழுத்தோரத்தையும் தடவினார். தொழுநோயைத்தான் தேடினார். அந்த நோய் மிகுதியாகத் தாக்கும் நரம்புகளில் அல்னார் நரம்பும் ஒன்று, அதுவும் முழங்கைக்குச் சற்று மேலே. பழைய முறிவு இருக்கிறது என்பதற்காக இந்தச் சோதனையை நம் நாட்டில் தவிர்க்கக்கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம்: செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது இந்த மண்ணில் நோய் இருந்ததால்தான். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946 இல் வேலூருக்கு வந்து, இதே நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறைகளை வளர்த்தெடுத்ததும் அதே காரணத்தால்தான். கையின் அல்னார் வாதத்தைப் பற்றி உலகம் கற்றதில் கணிசமான பகுதி வட ஆற்காட்டு நோயாளிகளின் கைகளிலிருந்து கற்றது. எனக்குத் தேமல் இல்லை, உணர்வற்ற இடம் கைக்கு வெளியே எங்கும் இல்லை, தடிப்பு புடைப்பின் விளிம்பருகே மட்டும் இருந்தது.

நரம்புக் கடத்தல் சோதனையில் முழங்கையைக் கடக்கும் பகுதியில் வேகம் விழுந்திருந்தது. இயல்பில் அது நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். முன்கையில் உள்ள வேகத்தைவிட முழங்கையில் 10 மீட்டருக்கு மேல் குறைந்தால் அங்கே அழுத்தம் இருக்கிறது என்று கொள்கிறார்கள். ஆனால் என் நிலையை முழுமையாகக் காட்டியது, மலிவான அல்ட்ராசவுண்ட்தான். அதற்கு முன் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் சொடக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை; கையை நீட்டிவைத்து எடுத்த படத்தில் எல்லாம் அதனதன் இடத்தில்தானே இருக்கும். அல்ட்ராசவுண்டில் கருவியை முழங்கைமேல் வைத்தபடியே மெல்ல மடக்கச் சொன்னார்கள். திரையில் முதலில் நரம்பின் வட்டம் விளிம்பைத் தாண்டிக் குதித்தது. பிறகு தசையின் ஓரம் அதன் பின்னாலேயே வந்து விழுந்தது. இரண்டு சொடக்குக்கும் இரண்டு ஆள்கள்.

இதை முன்கூட்டியே அறிவது ஏன் இன்றியமையாதது என்பதை மருத்துவர் விளக்கினார். நரம்பு நழுவுகிறது என்று மட்டும் கண்டு, அதைப் புடைப்புக்கு முன்னால் நகர்த்தி வைத்துத் தைத்துவிட்டால், சொடக்கு நிற்காது. தசை தொடர்ந்து தாண்டிக்கொண்டிருக்கும். அறுவை தோற்றது என்று நோயாளி எண்ணுவார், நரம்பு மீண்டும் நழுவிவிட்டது என்று மருத்துவர் எண்ணக்கூடும். மருத்துவ இதழ்களில் இப்படி இரண்டாம் முறை அறுவைக்கு வந்தவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. நார்ப்பட்டையை வெட்டிவிட்டு நரம்பை இருந்த இடத்திலேயே விடும் எளிய அறுவை பலருக்குப் போதுமானது. ஆனால் நழுவும் நரம்பைக் கட்டவிழ்த்துவிட்டால் அது இன்னும் தாராளமாக நழுவும் என்பதால் எனக்கு அது பொருந்தாது.

கடினமான முடிவு எலும்பைப் பற்றியது. கோணலே மூலகாரணம் என்றால் கோணலை நிமிர்த்துவதுதானே நியாயம்? எலும்பின் வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத் துண்டொன்றை எடுத்து, நேராக்கி, தகடு பொருத்தலாம். வளர்ந்தவர்களுக்கு அது பெரிய அறுவை. முழங்கை மிக எளிதில் இறுகிப்போகும் மூட்டு. எலும்பு சேர மாதங்கள் ஆகும். திருத்தும்போதே நரம்பு அடிபடும் வாய்ப்பும் உண்டு. சாய்வு மிகக் கடுமையாக இருந்தாலோ மூட்டு ஆட்டம் கண்டிருந்தாலோ தயங்காமல் செய்யலாம், உங்களுக்கு இரண்டும் இல்லை என்றார். நரம்பை முன்னால் நகர்த்துவது, தாண்டி விழும் தசை விளிம்பை வெட்டி நீக்குவது, எலும்பை விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. தோற்றத்துக்காக எலும்பை வெட்டிக்கொள்ளும் வயதை நான் கடந்துவிட்டேன். அரைக்கைச் சட்டையிலேயே மணவாழ்வு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோளருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். தைக்கும் முன்பு மேசையிலேயே என் கையை முழுவதுமாக மடக்கி நீட்டி, எதுவும் தாண்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டதாக மருத்துவர் சொன்னார். அந்தச் சோதனையைச் செய்யாமல் தையலைப் போடவே கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

சொடக்குகள் இரண்டும் அன்றோடு நின்றன. நரம்பு அவ்வளவு விரைவாக இணங்கவில்லை. அறுந்துபோன நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கின்றன. முழங்கையிலிருந்து கட்டைவிரல் அருகிலுள்ள தசைவரை 30 சென்டிமீட்டர் என்றால், ஏறத்தாழப் பத்து மாதக் கணக்கு. ஆனால் நரம்பின் தொடர்பை இழந்த தசை காலவரையின்றிக் காத்திருப்பதில்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குமேல் ஆனால் நரம்பு வந்து சேர்ந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் தசை இருக்காது. முழங்கையில் நசுங்கும் நரம்பின் கேட்டில் காலம் இவ்வளவு முக்கியமாவது, கைக்கு அது செல்ல வேண்டிய தொலைவினால்தான். மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்த ஒரு விந்தையும் நடந்தது: சில மாதங்களில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முன்னைவிட அதிகமாக மடங்கி நின்றன. விரல் நுனியை மடக்கும் முன்கைத் தசை முழங்கைக்கு அருகில் இருப்பதால் அது முதலில் உயிர்பெறுகிறது. அதை எதிர்த்து விரலை நிமிர்த்த வேண்டிய கையின் சிறுதசைகள் இன்னும் உறங்குகின்றன. கெட்டுவிட்டது என்று தோன்றும் அந்த வளைவு, நரம்பு இறங்கி வருவதன் அடையாளம்.

இரவில் கை மடங்காமலிருக்க ஒரு குளியல் துண்டை முழங்கையைச் சுற்றி உருட்டி, துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு படுத்தேன். கடையில் விற்கும் பட்டையைவிடத் துண்டு நல்லது என்பது என் கருத்து, குறைந்தபட்சம் சென்னையின் மே மாதத்தில். வியர்வையில் ஊறினால் மாற்றிக் கட்டலாம். பிசியோதெரபி செய்தவர் பருத்தித் துணியைக் கசக்கவும், விரல்களிடையே அட்டையைப் பிடிக்கவும், ரப்பர் வளையத்தை விரிக்கவும் பழக்கினார். அச்சகத்தில் எனக்காக ஒரு சாய்வு மேசை செய்துகொடுத்தார்கள். தாள் மேசைமேல் நிற்கிறது, முழங்கை எதன்மேலும் ஊன்றுவதில்லை. கைப்பேசிக்கு இயர்போன்.

உணர்வு பெரும்பாலும் திரும்பிவிட்டது. சாவி திருகுகிறது, பாக்கெட் கிழிகிறது, சாம்பார் சாதம் கையில் நிற்கிறது. ரசம் சாதத்துக்கு இன்னும் ஸ்பூன்தான். புறங்கைக் குழி பாதியளவு நிரம்பியிருக்கிறது, மீதி நிரம்பும் என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. சுண்டுவிரல் சற்று விலகியே நிற்கிறது. எலும்பின் கோணல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதால் ஆண்டுக்கொரு முறை வரச் சொல்லியிருக்கிறார். நெடுநாளைய உட்சாய்வில் முழங்கையின் வெளிப்புறத் தசைநார் சிறுகச் சிறுகத் தளர்ந்து மூட்டு ஆட்டம் காண்பதுண்டு. 2001 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் எலும்பு மருத்துவர்கள் அதை வெகுவாகக் கவனிக்கத் தொடங்கினார்கள். நாற்காலியின் கைகளை ஊன்றி எழும்போது முழங்கை நழுவுவதுபோல் தோன்றினால், அடுத்த பரிசோதனைவரை காத்திராமல் உடனே வர வேண்டும், அப்போது எலும்பை நிமிர்த்துவதைப் பற்றிப் பேசலாம் என்பது அவர் சொல்லி அனுப்பியது. இதுவரை அப்படி எதுவும் நேரவில்லை.